நான் போட்ட சிமெண்டு, நான் உடைத்த சிமெண்டு

சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம் வரைக்கும் எத்தனை தாமான்கள், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகள், இருக்கின்றனவோ, அவற்றில் பாதித் தாமான்களின் சாக்கடைகளை நான் போட்டேன். எண்ணிக்கை கேட்டால் சொல்லத் தெரியாது. பெருமழை பெய்து ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டால் அது என் வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். மறுநாளும் தேங்கி நின்று கொசு பிடித்தால் அது வேறு யாரோ போட்டது. கோயில் மண்டபத்துத் தரை நான் போட்டது. மெர்போக் பக்கம் சரிந்துகொண்டே இருந்த மேட்டுக்கு அணைச்சுவர் எழுப்பியது நான். பெரிய குத்தகைக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்து, இங்கே சுவர் நிற்காது என்று திரும்பிப் போன இடம் அது. இன்றைக்கும் நிற்கிறது. பாலிங்கில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, தூக்கிப்போட்ட காங்கிரீட் மிக்சரை வாங்கி, நானே பிரித்து நானே பூட்டித் தொழில் தொடங்கினேன். வங்கியில் என்னை உட்காரச் சொல்லாத காலம் அது. பிறகு அதே வங்கியின் பின்கட்டுத் தரையை நான்தான் போட்டேன். மாடி வீடு கட்டினேன். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். எல்லாம் இரண்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். ஆனால் இங்கே நான் எழுத உட்கார்ந்தது நான் கட்டியவற்றின் கதையை அல்ல. ஒரே ஒரு இடத்தில், நானே போட்ட தரையை நானே உடைத்தேன். அந்தக் கதையை ஊரில் இப்போது வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அந்த இடம் எங்கள் தாமானில் உள்ள பாலர் பள்ளியின் முற்றம்.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குச் சிமெண்டு என்றால் என்ன என்று மற்றவர்களுக்குப் புரியாது. நான் பிறந்த ரப்பர் தோட்டம் பாலிங் பக்கம், மலையடிவாரத்தில். அங்கே கணக்கெழுதும் கிராணி வீட்டு முற்றம் சிமெண்டு, கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்து முற்றம் செம்மண். கிராணி பிள்ளைகளின் சப்பாத்து பள்ளி விட்டு வரும்போதும் வெள்ளையாக இருக்கும். எங்கள் கால்களோ முழங்கால் வரை சிவந்திருக்கும். சனிக்கிழமை பட்டணத்துக்குப் போனால், காலைப் பார்த்தே எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று கடைக்காரன் சொல்லிவிடுவான். அதனால்தான் எங்கள் சனங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடி வந்ததும் முதல் வேலையாக என்னைத் தேடி வந்தார்கள். "அண்ணே, வீட்டச் சுத்தி ஒரு சாண் மண்ணு தெரியக்கூடாதுண்ணே." வாசல், பக்கவாட்டு, துணி காயப்போடும் இடம், எல்லாவற்றையும் மூடினேன். துளசிக்குக்கூடச் சிமெண்டுத் தொட்டி.

ஆகவே பாலர் பள்ளிக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியபோது நான் என்ன செய்திருப்பேன்? முற்றம் முழுவதற்கும் கம்பி வலை விரித்து, கூலி வாங்காமல் சிமெண்டு போட்டேன். வழவழவென்று தேய்த்து, நொண்டியடிக்கக் கட்டங்களும் கீறிக் கொடுத்தேன். திறப்பன்று எல்லாரும் கைதட்டினார்கள். அதைத் தப்பு என்று இன்றும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை தாய் தகப்பனும் கேட்டது அதைத்தான்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து என் பேத்தி எங்களிடம் வந்தாள்.

என் மகள் பினாங்கில் தாதி. மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. பிள்ளை பிறந்ததிலிருந்து பன்னிரண்டாவது மாடியில், கைப்பேசியோடும் ஒரு வேலைக்காரப் பெண்ணோடும் வளர்ந்தாள். வேலைக்காரப் பெண் ஊருக்குப் போனதும், ஐந்து வயதுப் பிள்ளையை என் மனைவியிடம் கொண்டுவந்து விட்டார்கள். அழகான பிள்ளை, வாய்க்குக் குறைவில்லை. ஆனால் காரிலிருந்து இறக்கிப் புல்லில் நிறுத்தியதும் அலறினாள். காலை மடக்கிக்கொண்டு என் கழுத்தில் தொங்கினாள். நான் சிரித்தேன். பட்டணத்துப் பிள்ளை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொன்னேன்.

சரியாகவில்லை. எனக்கு அது உறைத்தது விஜயதசமியன்று. கோயிலில் பிள்ளைகளுக்கு ஏடு தொடங்கினார்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, குருக்கள் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து எழுத வைத்தார். என் பேத்தியின் முறை வந்தது. பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. அவள் விரல் அரிசியில் பட்டதும் சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டாள். மறுபடி பிடித்தார். "ஒட்டுது! ஒட்டுது தாத்தா! எடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தினாள். தாம்பாளம் கவிழ்ந்து அரிசி எல்லாம் தரையில். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "மகாராணி அரிசியே பாத்ததில்ல போல" என்றாள். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அரிசியைக் கூட்டி அள்ளினேன். எனக்கும் ஒரு காலத்தில் இப்படி அரிசியில் எழுத வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் எழுத்து. இவளுக்கு அது தொடங்கவே மாட்டேன் என்கிறதே.

அடுத்த வாரம் பாலர் பள்ளி ஆசிரியை என்னை வரச் சொன்னார். முப்பது வயதுக்குள் இருக்கும். அவருடைய அப்பா மெர்போக்கில் சொந்தமாக இரண்டு ஏக்கர் ரப்பர்ப் பால்மரம் வைத்திருப்பவர்.

"ஐயா, கோவப்படாம கேளுங்க. பாப்பாவுக்கு விரல்ல பலமே இல்ல. பென்சில் புடிச்சா நழுவுது. சட்டப் பொத்தான் போட வராது. பசியாறும்போது ரொட்டியப் பிச்சுத் தரச் சொல்றா. இன்னும் ஒரு வருஷத்துல ஒண்ணாம் வகுப்பு."

"அதுக்கென்ன, தினம் நூறு தடவ எழுத வைங்க."

"எழுதி வர்ற பலம் இல்ல ஐயா அது. தோண்டணும், பிசையணும், ஏறணும், தொங்கணும். எல்லாத்தையும் தொட்டுப் பழகணும். தோள்லேருந்து எறங்கி வரணும் அந்தப் பலம். அவ மட்டும் இல்ல, நெறையப் பிள்ளைங்க இப்படித்தான் வருதுங்க." கொஞ்சம் தயங்கினார். "முத்தத்துல ஒரு மூலைய மட்டுமாவது மண்ணா விட்டா நல்லாருக்கும். கொஞ்சம் தண்ணியும் ஓடற மாதிரி."

"நான் போட்ட தரையவா ஒடைக்கச் சொல்றீங்க?"

"ஒரு மூலதான் ஐயா."

"இந்தப் பிள்ளைங்க பாட்டன் பூட்டன் எல்லாம் மண்ணுல கெடந்து செத்தது போதாதாம்மா?"

எழுந்து வந்துவிட்டேன். சிமெண்டுக்காக வந்த கோபம் என்று அவர் நினைத்திருப்பார். இல்லை. தண்ணீர் என்று அவர் சொன்னதுதான்.

இதை என் பிள்ளைகளிடம்கூட நான் விவரமாகச் சொன்னதில்லை. எனக்கு ஒரு தங்கை இருந்தாள். தோட்டத்தில் தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள். தூளியில் கிடப்பவை கிடக்கும். நடக்கத் தெரிந்தவை வெளியே மண்ணில் விளையாடும். எனக்கு அப்போது ஏழு வயது, தங்கைக்கு நாலு. அவளும் இன்னும் சில பிள்ளைகளும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் பால்மரத்துக் காயின் ஓடுகளை மிதக்க விட்டு விளையாடுவார்கள். கணுக்கால் அளவு தண்ணீர்தான் எப்போதும். அன்றைக்கு எங்கள் பக்கம் வெயில். மலையில் மழை. மேலே பெய்தது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கி வந்தது. மற்றப் பிள்ளைகள் கரைக்கு ஓடிவிட்டார்கள். தங்கை மிதந்து போன தன் காய் ஓட்டைப் பிடிக்கப் போனாள் என்று சொன்னார்கள். பாதைக்கு அடியில் போகும் குழாய் வாயில் அவளை எடுத்தார்கள்.

ஆயா மேல் யாரும் பழி போடவில்லை. அந்த அம்மாளின் இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகள் இருந்தன. அதற்குப் பிறகு என் அம்மா கடைசித் தம்பியைக் கொட்டகையில் விட மறுத்துவிட்டார். அப்படியானால் அவனை யார் பார்ப்பது? என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றதன் காரணம் இதுதான், வறுமை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தாலும். அதன் பிறகு மழை பெய்தால் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பதின்மூன்று வயதில் மண் சுமக்கத் தவுக்கேயிடம் போனபோது, அவர் சாக்கடை போடுகிறவர் என்று தெரிந்துதான் போனேன். தண்ணீரை அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. நான் குத்தகை எடுத்த எந்தச் சாக்கடையையும் மூடி இல்லாமல் விட்டதில்லை. மூடிக்குக் காசு தரமாட்டோம் என்றவர்களுக்கும் என் செலவில் மூடினேன்.

இப்போது ஒரு பெண் வந்து, பிள்ளைகள் விளையாடத் தண்ணீர் விடுங்கள் என்கிறார்.

இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பேத்தியை மனைவிதான் கொண்டுபோய் விட்டு வந்தாள். ஒருநாள் மனைவிக்கு முழங்கால் வலி, நான் போக வேண்டியதாயிற்று. பதினோரு மணி இருக்கும். ஓய்வு நேரம். முற்றத்தில் ஒரு பிள்ளை இல்லை. எல்லாம் கூரையின் ஓரத்தில், தூண் நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான் கீறிக் கொடுத்த கட்டங்கள் வெயிலில் பளபளத்துக் கிடந்தன. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தேன். தோசைக்கல். சிமெண்டோடே வாழ்ந்தவன் நான், வெயிலில் அது எவ்வளவு காயும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதன்மேல் பிள்ளைகள் நிற்கும் நேரத்தில் நான் ஒருநாளும் அங்கே வந்து பார்த்ததில்லை. என் பேத்தி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரிலிருந்து இறங்கி வந்த எறும்பு வரிசை ஒன்றை மற்றப் பிள்ளைகள் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முற்றத்தில் உயிருள்ளதாக அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இவள் அதைக்கூட எட்ட நின்றுதான் பார்த்தாள்.

ஆசிரியையிடம் போனேன்.

"ஒரு மூலையா கேட்டீங்க?"

"ஆமா ஐயா."

"மூலை வேலையெல்லாம் நான் செய்யறதில்ல. முழுசா ஒடைக்கிறேன். ஆனா என் முறையில. தண்ணி எவ்வளவு ஆழம், எங்க ஓடும், எங்க நிக்கும், எல்லாம் நான் சொல்றபடி. மேலேருந்து வேற தண்ணி ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது. சரின்னா சொல்லுங்க."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்க்காததுபோல் வெளியே வந்தேன்.

உடைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். என்னிடம் வெகுகாலமாக வேலை செய்யும் இந்தோனேசியக்காரர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போஸ், இது நாம போட்டது. சாயாங்லா, போஸ்" என்றார். வீணாகப் போகிறதே என்று. "நல்லாப் போட்டதுதான், அதான் ஒடைக்கக் கஷ்டம்" என்றேன். உண்மையிலேயே கஷ்டம். கம்பி வலை பின்னிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. என் வேலையின் தரம் அன்றைக்குத்தான் எனக்கே முழுதாகத் தெரிந்தது.

அடியில் இருந்த மண் செத்துப் போயிருந்தது. வெளிறிப்போய், ஒரு புழு பூச்சி இல்லாமல். அதை அள்ளிக் கொட்டிவிட்டு மெர்போக்கிலிருந்து இரண்டு லோரி செம்மண் இறக்கினேன். ஒரு பக்கம் மேடு, பிள்ளை உருண்டு விழுந்தாலும் எலும்பு முறியாத சரிவு. ஒரு பக்கம் ஆற்று மணல். சாய்ந்த செம்பனை மரத்துண்டு ஒன்று, ஏறி நடக்க. நிழலுக்கு வளர்ந்த ரம்புத்தான் மரத்தையே வேரோடு பெயர்த்து நட்டேன். பிழைக்காது என்றார்கள், பிழைத்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் வாய்க்கால். அதுதான் வேலை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, நானே மண்டியிட்டு, ஓடும் சரிவுக்கு வாட்டம் பிடித்தேன். கூரைத் தண்ணீர் மட்டும் வரும், வெளித்தண்ணீர் வராது. எவ்வளவு பெரிய மழையானாலும் என் கணுக்காலுக்கு மேல் ஏறுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் வழிந்து பரவிவிடும். அதைச் செய்ய ஒரு எஞ்சினியர் படம் வரைந்து தரவில்லை. என் தலையில்தான் அந்தப் படம் இருந்தது, ஏழு வயதிலிருந்து.

பிறகு சண்டை தொடங்கியது. மண் கண்ட முதல் வாரமே தாய்மார்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பேசினாள்.

"அண்ணே, எங்கம்மா கித்தாக் காட்டுல பால் வெட்டி, மண்ணுலயும் அட்டையிலயும் கெடந்தாங்க. நான் பேக்டரியில பன்னெண்டு மணி நேரம் நின்னு மாசாமாசம் காசு கட்டறது, எம்மவ மறுபடியும் மண்ணுல கெடக்கவா? சப்பாத்தப் பாருங்கண்ணே!"

"நீ கட்டற காசுக்கு மண்ணு வராதும்மா. அது நான் போட்டது, இனாம்."

"இனாமா குடுத்தா எல்லாம் வாங்கிக்கணுமாண்ணே? நீங்கதான எங்க வீட்டச் சுத்தி சிமெண்டு போட்டீங்க? அப்ப அது நல்லது, இப்ப இது நல்லதா?"

"உன் மகள ஒரு மாசம் விடு. சப்பாத்து போச்சுன்னா நான் வாங்கித் தரேன்" என்றேன். அவள் விட்டாள். வேறு சிலர் பிள்ளைகளை நிறுத்தி வேறு பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியையை அனுப்பிவிட்டுப் பழையபடி சிமெண்டு போட வேண்டியிருக்கும், நீங்களே வந்து போட்டுத் தாருங்கள் என்றார். "வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு தினமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு முற்றத்தின் ஓரத்தில் உட்கார ஆரம்பித்தேன். காவலுக்கு. யாரிடமிருந்து காவல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்ணீரிடமிருந்து என்று சொல்லியிருப்பேன்.

அங்கே உட்கார்ந்துதான் நான் பார்த்தேன். ஈர மணல் வீடாக நிற்கும், காய்ந்த மணல் நிற்காது என்று யாரும் சொல்லித்தராமல் ஒரு பையன் கண்டுபிடித்தான். நான் அதைத் தெரிந்துகொள்ள ஒரு தவுக்கேயிடம் ஒரு வருடம் அடி வாங்கினேன். பாக்கு மட்டையில் ஒருத்தி உட்கார, இரண்டு பேர் இழுக்க, இழுத்தவர்களே அடுத்தது யார் உட்காருவது என்று சண்டை போட்டு அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். ஆசிரியை சும்மா இருக்கவில்லை. ஒரு பிள்ளை கல்லைத் தூக்க முடியாமல் திணறினால், தூக்கித் தரமாட்டார். "வேற எப்படி நகத்தலாம்?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடுவார். அது எனக்குப் பிடித்தது.

என் பேத்தி பல நாள் என் நாற்காலியை விட்டு நகரவில்லை. சப்பாத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். மேட்டு ஓரத்தில் தொட்டாற்சிணுங்கி முளைத்திருந்தது. செம்மண்ணோடு வந்த விதை. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு அதை மூடவைப்பார்கள். அந்த மோட்டார் சைக்கிள் தாயின் மகள் ஒருநாள் இவளைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், இதுவும் ஒன்ன மாதிரிதான்! தொட்டா சுருங்கிக்கும்!"

"நான் ஒண்ணும் சுருங்க மாட்டேன்."

"அப்ப வந்து தொடு பாப்போம், சின்னப் பாப்பா!"

என் பேத்தி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டாள். இலை மூடியது. மறுபடி விரிகிற வரைக்கும் நின்றாள். பிறகு குச்சியைப் போட்டுவிட்டு ஒரே ஒரு விரலால் தொட்டாள். அதற்கப்புறம் குந்தி உட்கார்ந்தாள். மண்ணில் உட்கார்ந்ததை அவளே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கையால் மண்ணை அள்ள இன்னும் பல வாரங்கள் ஆயிற்று. முதலில் கரண்டியால், பிறகு இலையால். ஆனால் வாய்க்காலைக் கண்டால் மட்டும் அவள் போகமாட்டாள். அதில் எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

பிறகு ஒருநாள் பெருமழை. இடி மின்னல் இல்லாத மழை, காலையிலேயே கொட்டியது. குறைந்ததும் ஆசிரியை பிள்ளைகளை வெளியே விட்டார். வாய்க்காலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பார்த்தால், என் பேத்தி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். கழற்றிவிட்டு இறங்கினாள். தண்ணீருக்குள்.

எழுந்துவிட்டேன். குடை எங்கே விழுந்தது என்று தெரியாது. அந்த வாய்க்காலின் ஆழம் எனக்குத் தெரியும், நான் தோண்டியது. வழியாமல் ஏறாது என்று தெரியும், நான் வாட்டம் பிடித்தது. தெரிந்து என்ன பயன்? என் கண்ணுக்கு வேறொரு வாய்க்கால் தெரிந்தது. நாலு வயதுப் பிள்ளை ஒன்று குனிந்து எதையோ பிடிக்கப் போகிறது. ஓடிப்போய்த் தூக்கப்போனேன்.

ஆசிரியை குறுக்கே வந்தார். "ஐயா, நில்லுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன். இப்ப நீங்க போய்த் தூக்கினா, இனிமே அவ எறங்கவே மாட்டா."

தங்கையின் கதை அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. ஆசிரியை போய் வாய்க்காலின் ஓரத்தில், கை எட்டும் தூரத்தில் குந்தினார். நான் நின்றேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். மழை என் தலையில் பெய்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். விட்டால் எழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

பேத்தி இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். ஒட்டியது. ஒட்டட்டும் என்று விட்டுவிட்டாள். தண்ணீருக்குக் குறுக்கே வைத்தாள், அது கரைந்து போயிற்று. மறுபடி அள்ளி, இந்தத் தடவை பிசைந்து, கீழே கல்லை வைத்து, அதன்மேல் அப்பினாள். மோட்டார் சைக்கிள் தாயின் மகளும் வந்து சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினார்கள். தண்ணீர் தயங்கியது, ஏறியது, பக்கவாட்டில் அவர்கள் விரலால் கீறிய பாதையில் திரும்பி ஓடியது. என் பேத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"தாத்தா! தண்ணி நான் சொன்ன பக்கம் போகுது!"

நான் தலையை ஆட்டினேன். முகம் நனைந்திருந்ததற்கு மழை இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இந்த வருடம் அவள் முதலாம் வகுப்பில் இருக்கிறாள். எழுத்து அழகு என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் சாய்கிறது, 'ண' போடும்போது சுழி கூடிவிடுகிறது. ஆனால் பென்சில் நழுவவில்லை. அழுத்திப் பிடித்து எழுதுகிறாள். பொத்தானைத் தானே போடுகிறாள், ரொட்டியைத் தானே பிய்த்துக்கொள்கிறாள். பாலர் பள்ளியிலிருந்து போன பிள்ளைகளில் பாதி திரும்பி வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் தாய் இப்போது மற்ற தாய்மார்களிடம் பேசுவதைக் கேட்டால், முற்றமே அவள் யோசனை என்று தோன்றும். போகட்டும்.

போகட்டும் என்று என்னால் விடமுடியாதது ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் வெளியூரிலிருந்து சிலர் அந்த முற்றத்தைப் பார்க்க வந்தார்கள். பந்தல் போட்டு மைக் வைத்தார்கள். பள்ளித் தலைவர் பேசினார். ஆசிரியையின் முயற்சி என்றார். சரி. வெளிநாடுகளில் இப்போது இப்படித்தான் என்றார். அதுவும் இருக்கட்டும். பிறகு, "ஆரம்பத்தில் நம் பெரியவர்கள் சிலர் இதை எதிர்த்தார்கள், அவர்களுக்கு இதெல்லாம் புரியாது, அதையும் மீறி இது வந்தது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாலை போட அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்குப் புரியாதாம். அந்த முற்றத்தில் தண்ணீர் என்ன செய்யும் என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரிலும் எனக்கு மட்டும்தான் தெரியும். எதிர்த்தேன், ஆமாம். ஏன் எதிர்த்தேன் என்று இப்போது எழுதிவிட்டேன். மண் வேண்டும் என்று கேட்டது ஆசிரியை. அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க வேண்டாம். ஆனால் கேட்ட பிறகு செய்தது யார்? மேடும் மணலும் மரமும் என் வேலை. ஒரு பிள்ளைகூட மூழ்க முடியாதபடி அந்த வாய்க்காலை வாட்டம் பிடித்தது என் கை. எழுந்து ஓடத் துடித்த காலை மடக்கிக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அது. அதற்குக் கூலி கேட்கவில்லை.

முற்றத்தின் வாசலில் பலகை ஒன்று வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எழுத்து வெட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். புரவலர், நன்கொடையாளர் என்று என்னைக் கடைசி வரியில் போட வேண்டாம். முதல் வரியில் ஆசிரியை கேட்டார் என்று போடுங்கள். இரண்டாவது வரியில், இந்த முற்றத்தையும் இதில் ஓடும் தண்ணீரையும் அமைத்தவர் இவர் என்று, என் பெயரைப் போடுங்கள். அதற்குக் குறைந்து எதையும் நான் ஏற்கமாட்டேன்.